முட்டுக்கட்டை வேண்டும்!



'முட்டுக்கட்டை' என்ற சொல்லுக்கு நம் நாட்டில் நல்ல பெயர் இல்லை. நல்ல காரியம் ஒன்றைத் தடுப்பவனைப் பார்த்து, 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று ஏசுகிறோம். ஆனால் தேரோடும் வீதியில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டையின் அருமை தெரியும். வடம் பிடிப்போர் ஆயிரம் பேர் இருக்கலாம். சக்கரத்தின்முன் கட்டையைப் போட்டுத் தேரை நிறுத்தவும் திருப்பவும் தெரிந்த சிலர் இல்லையென்றால் அது நிலைக்கு வந்து சேராது. இழுக்கும் பெருமை பலருக்கு. காக்கும் பொறுப்பு சிலருக்கு.

நான் எழுத எடுத்துக்கொண்டது தேரைப் பற்றியன்று, காரைப் பற்றி. நம் ஊர் நெடுஞ்சாலையின் இருபுறமும் உள்ள பட்டறைகளைப் பார்த்துக்கொண்டே நாம் நாள்தோறும் கல்லூரிக்கு வருகிறோம். ஒரு ஜாக்கியின் தலைமேல் கார் நிற்கும். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீண்டிருக்கும். அந்தக் கால்களுக்கு உரியவர் நம்மைவிட இரண்டு வயது மூத்தவராக இருப்பார். சில வேளை நம்மைவிட இளையவராகவும் இருப்பார். நம்முள் சிலரே விடுமுறை நாட்களில் அந்த வேலைக்குப் போகிறவர்கள்தாம். அக்காட்சி நமக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டதாலேயே அது சரியென்று ஆகிவிடுமா?

ஆகாது என்பது என் கருத்து. ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காரின் அடியில் மனிதன் எவனும் போகக் கூடாது. போகும்படி யாரும் அவனை அனுப்பவும் கூடாது. அதனினும் முக்கியமாக, இந்தப் பொறுப்பு அடியில் படுத்திருப்பவனுடையது மட்டுமன்று. பட்டறை உரிமையாளருக்கும், கார் உரிமையாளருக்கும், பார்த்துக்கொண்டே போகும் படித்தவர்களாகிய நமக்கும் அதில் பங்குண்டு. இதனை நிலைநாட்டவே இக்கட்டுரை.

தூக்குவது வேறு, தாங்குவது வேறு

ஜாக்கி என்பது மனித அறிவின் அருமையான படைப்பு என்பதில் ஐயமில்லை. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுப் பாஸ்கல் கண்டார். அந்த விதியைக்கொண்டு 1795இல் இங்கிலாந்தின் ஜோசப் பிரமா நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1851இல் நியூயார்க்கில் ரிச்சர்டு டட்ஜன் அதனைக் கையில் எடுத்துச் செல்லத்தக்க ஜாக்கியாக்கிக் காப்புரிமை பெற்றார். நாம் பதினோராம் வகுப்புப் பாடத்தில் மனப்பாடம் செய்த விதிதான் பட்டறையில் பாட்டில் ஜாக்கியாகவும் டிராலி ஜாக்கியாகவும் நிற்கிறது.

கணக்கைப் பாருங்கள். பம்பின் சிறிய பிஸ்டன் ஒரு சதுர சென்டிமீட்டர், தூக்கும் பெரிய பிஸ்டன் பத்துச் சதுர சென்டிமீட்டர் என்றால், விசை பத்து மடங்காகிறது. கைப்பிடி என்னும் நெம்புகோலால் மேலும் பத்து மடங்கு கிடைத்தால் மொத்தம் நூறு மடங்கு. உராய்வால் வரும் இழப்பை விட்டுவிட்டால், ஐந்து கிலோ எடையை அழுத்தும் கை ஐந்நூறு கிலோவைத் தூக்கிவிடுகிறது. பள்ளி செல்லும் பையன்கூடக் காரின் பாதியைத் தூக்கலாம். அதுவே அதன் பெருமை. அதுவே அதன் ஆபத்தும்கூட. தூக்குவது அவ்வளவு எளிதாக இருப்பதால், தூக்கிய எடை எவ்வளவு என்பது நம் நினைவில் நிற்பதில்லை.

அத்தனை எடையும் எதன்மேல் நிற்கிறது? உள்ளே அடைபட்ட கொஞ்சம் எண்ணெயின்மேல். அந்த எண்ணெயை வெளியே விடாமல் காப்பது எது? விரல் மோதிரம்போன்ற ஒரு சீலும், சிறு குண்டு அடைக்கும் ஒரு வால்வும். சீல் தேய்ந்தாலும், வால்வில் ஒரு தூசி சிக்கினாலும் எண்ணெய் ஒழுகும்; ஜாக்கி இறங்கும். மெல்ல இறங்கினால் அதிர்ஷ்டம். சட்டென்று இறங்கினால் என்ன செய்வது?

காருடன் கொடுக்கப்படும் திருகு ஜாக்கியில் எண்ணெய் இல்லை. எனவே ஒழுக்கும் இல்லை. ஆனால் அதன் அடிப்பாகம் உள்ளங்கை இரண்டின் அகலந்தான். உயர உயர அது பக்கவாட்டில் சாயத் தயாராகிறது. வழியில் டயர் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டுவதற்கு மட்டும் செய்யப்பட்டது அது. 'இதன்மேல் நிற்கும் வாகனத்தின் அடியில் செல்லாதீர்' என்று காருடன் வரும் புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நாம்தான் அந்தப் புத்தகத்தைப் பிரிப்பதே இல்லை.

ஆக, ஜாக்கி தூக்குவதற்கென்று பிறந்தது. தாங்குவதற்கு வேறொன்று வேண்டும். அதன் பெயர்தான் ஸ்டாண்டு. மூன்று அல்லது நான்கு கால்களை அகல விரித்து, நடுத்தண்டில் பல்லோ துளையோ வைத்து, பூட்டுப்போட்டு நிற்கும் இரும்புத் தாங்கி. அதில் எண்ணெய் இல்லை, அசையும் பிஸ்டன் இல்லை. ஒரே வேலை: நிற்பது.

இது நமக்குப் புதிய செய்தியா? இல்லவே இல்லை. நம் பாட்டன்மார் மாட்டுவண்டிச் சக்கரத்தைக் கழற்றி அச்சுக்கு மை போடும்போது, வண்டியைத் தோளால் தூக்கினார்கள். ஆனால் தோளிலேயே வைத்துக்கொண்டிருக்கவில்லை. அச்சின்கீழ்க் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சக்கரத்தில் கைவைத்தார்கள். இன்றும் கூரைக்குக் கான்கிரீட் போட்டால், அது இறுகும்வரை முட்டுகளை எடுக்க எந்தக் கொத்தனாரும் சம்மதிப்பதில்லை. வண்டிக்கும் வீட்டுக்கும் இருந்த அறிவு காருக்கு மட்டும் ஏன் இல்லாமல் போயிற்று?

கார் ஏன் விழுகிறது?

ஜாக்கி பழுதானால்தான் கார் விழும் என்று பலர் எண்ணுகின்றனர். நல்ல ஜாக்கியின்மேலிருந்தும் கார் விழும். ஏனெனில் ஜாக்கி அசையாமல் இருந்தாலும் கார் நகர்ந்துவிடும். இதற்கான காரணத்தை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறோமே என்பார்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்கள் இரண்டை மட்டுமே பிடிக்கிறது. காரின் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், பிரேக் பிடித்த இரண்டு சக்கரமும் வானத்தில். தரையில் உள்ள முன்சக்கரங்களோ பிரேக் இல்லாதவை. கியரில் போட்டிருக்கிறோமே என்பார்கள். கியர் பிடிப்பது எஞ்சின் இழுக்கும் சக்கரங்களைத்தான். அந்த இரண்டில் ஒன்று தரையைவிட்டு எழும்பினாலும், நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் தூக்கிய சக்கரத்தைச் சுழலவிட்டு, தரையில் உள்ள மற்றதையும் உருளவிட்டுவிடும். ஆகவே பிரேக்கும் போட வேண்டும், கியரிலும் விட வேண்டும், இவை இரண்டையும் நம்பாமல் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையும் கொடுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் காப்பு. முட்டுக்கட்டை வேண்டும் என்று நான் தலைப்பிட்டதன் முதற்பொருள் இதுதான்.

விழுந்தால் தப்பிவிடலாமா? முப்பது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் தரைக்கு வர ஏறத்தாழக் கால் விநாடி ஆகும். ஆபத்தைக் கண்டு நம் தசை அசையத் தொடங்கவே அதில் பெரும்பகுதி கழிந்துவிடும். 'சட்டென்று உருண்டு வெளியே வந்துவிடுவேன்' என்று சொல்லும் இளைஞன் தன் வீரத்தை அறிவானேயன்றி நியூட்டனை அறியான். நெஞ்சின்மேல் எடை அமர்ந்துவிட்டால் விலா எலும்புகள் விரிய இயலாது. மூச்சை உள்ளே இழுக்க முடியாது. எலும்பே முறியாவிட்டாலும் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆகவேதான் காருக்கடியில் செய்யும் வேலையைத் தனியாளாகச் செய்யக் கூடாது என்பது அடுத்த விதி.

செய்ய வேண்டிய முறை

கருத்து கூறுபவன் வழியும் கூற வேண்டும். முறை எளிதானது, வரிசை மாறாமல் செய்தால் போதும்.

முதலில் இடம். சமமான, கெட்டியான தரை வேண்டும். சிமெண்டுத் தளம் சிறந்தது. மண்தரையானால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த அகலமான பலகை வேண்டும். வெயிலில் இளகிய தார்ச்சாலையில் ஸ்டாண்டின் கால் புதைந்துபோகும் என்பதும் நினைவிருக்கட்டும். சரிவான இடத்தில் இந்த வேலையே வேண்டாம்.

பிறகு ஹேண்ட் பிரேக், கியர், கட்டை. சக்கரத்தைக் கழற்றுவதாக இருந்தால், அது தரையில் இருக்கும்போதே வீல் ஸ்பேனரால் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பின்பு ஸ்பேனரை மிதித்துத் தளர்த்தினால், மிதிக்கும் விசையே காரை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும்.

அடுத்து ஜாக்கி வைக்கும் இடம். காரின் அடியில் கண்ட இடத்தில் வைத்தால் தகடு மடங்கும். எஞ்சின் எண்ணெய்த் தொட்டி உடையும். முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னும், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னும் அதற்கென்றே வலுவான இடங்களைக் குறித்திருப்பார்கள். காருக்குரிய புத்தகம் அதைப் படம்போட்டுக் காட்டும். டிராலி ஜாக்கியானால் அதன் உருளைகள் தடையின்றி உருள வேண்டும். தூக்கும் கை வளைவாக உயர்வதால், ஜாக்கி நகர முடியாவிட்டால் கார்தான் நகரும்.

தேவையான உயரத்துக்குமேல் ஓர் அங்குலமும் தூக்க வேண்டாம். ஒரு பக்கம் முழுவதையும் தூக்குவதானால் ஸ்டாண்டுகள் இணையாக, ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பல் நன்றாகப் பூட்டியிருக்கிறதா, ஆணி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு ஜாக்கியை மெல்ல இறக்கி, எடை முழுவதும் ஸ்டாண்டின்மேல் அமரச் செய்ய வேண்டும்.

இனி மிக முக்கியமான செயல். அடியில் போவதற்குமுன் காரைக் கைகளால் நன்றாக அசைத்துப் பார்க்க வேண்டும். விழுவதானால் இப்போதே விழட்டும், இரும்புதானே நசுங்கும்! அசைத்தும் அசையாமல் நின்றால், ஜாக்கியை எடுத்துவிடாமல், லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும்படி விட்டுவைக்கலாம். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்துக் காரின் ஓரத்தடியில் தள்ளிவிடலாம். எல்லாம் தவறினாலும் அந்தச் சக்கரத்தின் உயரமாவது மிச்சமாகும். அந்த இடைவெளியில் ஓர் உயிர் தங்கலாம்.

வேலை முடிந்து இறக்கும்போதும் இதே பொறுமை வேண்டும். கருவிகளையும் ஆட்களையும் அகற்றி, மீண்டும் ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டை எடுத்து, மெல்ல இறக்கி, சக்கரம் தரையைத் தொட்ட பின்பு நட்டுகளை எதிரெதிராக இறுக்கி முடிக்க வேண்டும்.

மறுப்புரைகளும் மறுமொழிகளும்

'முப்பது வருஷமாகச் செங்கல்லை வைத்து வேலை செய்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பார் அனுபவசாலி. அவருடைய கைத்திறனை வணங்குகிறேன். வாதத்தை ஏற்க மாட்டேன். விழாத முப்பது ஆண்டுகளைப் பற்றிப் பேச அவர் இருக்கிறார். விழுந்த ஒரு நாளைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் வருவதில்லை. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுவரில் எடையைப் பரவலாகத் தாங்கும். காரின் எடையோ விரல் அகலத் தகட்டின் வழியே ஒரே இடத்தில் இறங்குகிறது. கல் வளையாது, இறங்காது, முன்னறிவிப்பும் தராது; ஒரே நொடியில் பிளக்கும். கட்டாயம் ஏற்பட்டால் வைரம் பாய்ந்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய அடுக்கு எவ்வளவோ மேல். மரம் பெரும்பாலும் முறியுமுன் முனகும்.

'காசுக்கு எங்கே போவது?' என்பது இரண்டாவது மறுப்பு. இதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் சிறிய காரின் புது டயர் ஒன்றின் விலைக்குள் ஒரு ஜோடி ஸ்டாண்டு வாங்கிவிடலாம். ஒரு முறை வாங்கினால் பல ஆண்டு உழைக்கும். பட்டறைத் திறப்புவிழாவுக்குப் போடும் பந்தலில் மிச்சம் பிடித்தாலே போதாதா?

'நேரம் ஆகிறது, வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார்' என்பது மூன்றாவது. இதுதான் உண்மையான காரணம் என்று நான் நம்புகிறேன். ஆதலால்தான் இப்பழியில் பாதி கார் உரிமையாளரைச் சேரும் என்கிறேன். 'பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுங்கள்' என்று வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பவர், அந்தப் பத்து நிமிடத்தை எங்கிருந்து எடுக்கச் சொல்கிறார்? ஸ்டாண்டு வைக்கும் ஐந்து நிமிடத்திலிருந்துதான் அது எடுக்கப்படுகிறது.

'எல்லாம் விதி' என்பது கடைசி மறுப்பு. கார் விழுந்தது புவியீர்ப்பு விதிப்படி. அந்த ஒரு விதியைத்தவிர வேறு எந்த விதியையும் இதில் நான் காணவில்லை. விபத்து நடந்த மறுநாள், 'கவனக்குறைவு' என்று ஒரே சொல்லில் இறந்தவன்மீதே பழியைப் போட்டுக் கோப்பை மூடிவிடுவதும் இந்த விதி வாதத்தின் உடன்பிறப்பே. ஸ்டாண்டு வாங்கிக் கொடுக்காதவருடைய கவனம் நிறைவாக இருந்ததா என்று யாராவது கேட்டதுண்டா?

சட்டம் எட்டாத இடம்

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மின்சக்தி பயன்படும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்று கருதியது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்தியது. ஓர் உரிமையாளர், ஒரு மெக்கானிக், கையாளாக ஒரு பையன் என்று மூன்று பேர் இருக்கும் சாலையோரப் பட்டறையில் ஆய்வாளரின் காலடி எப்போது படும்? ஆகவே அங்கே சட்டத்தின் வேலையை வழக்கந்தான் செய்தாக வேண்டும். வழக்கத்தை உண்டாக்குவது யார்? அங்கே வேலை கொடுப்பவரும், வேலை செய்பவரும், காரைக் கொண்டு விடுபவரும்தாம்.

ஸ்டாண்டு வந்துவிட்டால் எல்லாக் கவலையும் தீர்ந்தது என்றும் நான் சொல்லவில்லை. 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில், பூட்டுப்பல் நழுவக்கூடும் என்ற குறைக்காக, ஒரு பெரிய வணிக நிறுவனம் விற்ற பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டாண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. எனவே வாங்கும்போது எத்தனை டன் தாங்கும் என்பதையும், அந்த எடை ஒன்றுக்கா, ஜோடிக்கா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். பழைய குழாய்களை வெட்டிப் பட்டறையிலேயே பற்றவைத்த ஸ்டாண்டுகளின் பற்றவைப்பை யார் சோதித்தார் என்று கேட்க வேண்டும். வலியறிதல் என்று ஓர் அதிகாரத்தையே வகுத்து, அதில் வண்டியின் அச்சைப் பற்றியும் பேசிய வள்ளுவர் பிறந்த மண்ணில், எடையறியாமல் எடையேற்றுவது நமக்குப் பெருமையன்று. எந்த ஒன்றையும் முழுதாக நம்பாமல், ஒன்று தவறினால் தாங்க இன்னொன்றை வைப்பதே பாதுகாப்பின் அடிப்படைத் தத்துவம்.

நாம் செய்யக்கூடியது

கலைக் கல்லூரியில் பயிலும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் இருப்பார்கள். நூலறிவுக்கும் கையறிவுக்கும் நடுவே நாம் எழுப்பியிருக்கும் சுவரே அந்தக் கேள்வியைக் கேட்கச் செய்கிறது. பாஸ்கல் விதியைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன், அதே விதியின்கீழ் ஒருவன் உயிரைப் பணயம் வைத்துப் படுத்திருப்பதைக் கண்டும் காணாமல் போவானானால், அவன் கற்ற கல்வியின் பயன் என்ன?

மூன்று யோசனைகளை உங்கள்முன் வைக்கிறேன். முதலாவது, நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர் ஒருவரை அழைத்து, காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தும் முறையை நாம் நேரில் கற்கலாம். இரண்டாவது, மேலே சொன்ன முறையை எளிய தமிழில் பத்து வரியில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஊரிலுள்ள பட்டறைகளின் சுவரில், உரிமையாளரின் ஒப்புதலோடு ஒட்டலாம். எச்சரிக்கை ஆங்கிலத்திலேயே இருந்தால் அது யாரை எச்சரிக்கும்?

மூன்றாவது யோசனைக்குக் காசும் வேண்டாம், குழுவும் வேண்டாம். கார் வைத்திருக்கும் பேராசிரியர்களையும், தந்தையின் காரையோ வாடகைக் காரையோ ஓட்டும் தோழர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பட்டறையில் காரை விடும்போது, 'அண்ணே, ஸ்டாண்டு வைத்துவிட்டு அடியில் போங்கள். நேரமானாலும் நான் காத்திருக்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஸ்டாண்டு இல்லாத பட்டறையில், இருக்கும் பட்டறைக்குத்தான் அடுத்த முறை போவேன் என்று பணிவாகத் தெரிவியுங்கள். பத்து வாடிக்கையாளர் இப்படிச் சொன்னால் பதினோராவது வாடிக்கையாளர் வருமுன் ஸ்டாண்டு வந்துவிடும்.

பட்டறையில் வேலைக்குப் போகும் தோழர்களுக்கும் ஒரு சொல். 'பயந்தாங்கொள்ளி' என்று யாரேனும் கேலி செய்தால் செய்யட்டும். ஸ்டாண்டு வைக்காமல் அடியில் போக மாட்டேன் என்று சொல்வது கோழைத்தனமன்று. தன் வீட்டில் தனக்காகச் சோறு வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களை நினைத்துப் பார்க்கத் தெரிந்தவனின் துணிவு அது.

ஆம், நண்பர்களே! தீமைக்கும் அவசரத்துக்கும் அலட்சியத்துக்கும் குறுக்கே போடப்படும் கட்டை நல்ல கட்டை. 'எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறாயே' என்று நம்மை ஏசினால், காருக்கடியில் ஒரு மனிதன் இருக்கும்வரை அந்த ஏச்சை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வோம். தூக்கத் தெரிந்த கைகள் நம் நாட்டில் ஏராளம். தாங்கத் தெரிந்த உள்ளங்களும் பெருகட்டும்!